முண்ணாணோடு வாழ்ந்த அனுபவங்கள்

புதுக்குடியிருப்பு

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடமான முண்ணாணின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் கீறும் நாளில் யாராவது ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அந்த வீட்டில் சக்கர நாற்காலி இருக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதனால் நானே தொடங்குகிறேன்.

2009 மாசியில் அண்ணாவின் முதுகில் எறிகணைத் துண்டு பட்டது. பிறகு ஒரு வைத்தியர் குண்டூசியால் அவருடைய நெஞ்சிலிருந்து கீழ்நோக்கித் தொட்டுக்கொண்டே போனார். "தெரியுது, தெரியுது" என்று சொல்லிவந்த அண்ணா, தொப்புளைத் தாண்டியதும் பேசாமல் இருந்தார். தொப்புள் மட்டத்துத் தோலுக்கு வருவது நெஞ்சுப் பகுதியின் 10 ஆவது நரம்பு. முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன: கழுத்தில் 8, நெஞ்சில் 12, கீழ் முதுகான நாரியில் 5, அதற்குக் கீழே உள்ள திருவென்பில் 5, வால் நுனியில் 1. அறுந்த இடத்துக்குக் கீழே உள்ளவை மூளையோடு தொடர்பை இழக்கின்றன. கழுத்தின் 3, 4, 5 ஆம் நரம்புகள்தான் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான பிரிமென்றகட்டை இயக்குகின்றன. துண்டு அந்த உயரத்தில் பட்டிருந்தால் அண்ணா இன்று இல்லை.

சில கிழமைகள் கழித்து, அம்மா போர்வையை இழுத்தபோது அவருடைய கால் வெடுக்கென்று மடங்கியது. "பிள்ளை நடப்பான்" என்று அம்மா அழுதா. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தா. அது தெறிவினை. தோலில் பட்ட செய்தி பின்வேர் வழியாக முண்ணாணுக்குள் போகிறது. உள்ளே வண்ணாத்திப்பூச்சி வடிவில் இருக்கும் நரைநிறப் பகுதியில் கைமாறி, முன்வேர் வழியாகத் தசைக்குத் திரும்புகிறது. இதற்கு மூளை தேவையில்லை. எனக்கு அது தெரியும். அம்மாவிடம் சொல்ல ஒரு மாதம் எடுத்தது.

மாங்குளம்

அப்பா தென்னையிலிருந்து விழுந்தவர். விழுந்த உடனே அவருடைய கால் பெருவிரல் அசைந்ததை நான் கண்டேன். பயத்தில் நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, மடக்கி ஆட்டோவில் ஏற்றினோம். இறக்கும்போது விரல் அசையவில்லை. சின்னிவிரல் தடிப்புத்தான் முண்ணாண், உடைந்த எலும்பு நகர்ந்தால் நசுங்கிவிடும் என்று பிறகு சொன்னார்கள். தயவுசெய்து யாரையும் அப்படித் தூக்காதீர்கள். கழுத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஆளை அதே இடத்தில் கிடக்கவிடுங்கள்.

மல்லாவி

டீச்சர், என் கதை சின்னது. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டால் பிறகு நடக்க ஏலாது என்று மாமி வெருட்டியிருந்தா. நான் நடுங்குவதைக் கண்ட தாதி பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினா. வளர்ந்தவர்களில் முண்ணாண் நாரியின் 1 ஆம், 2 ஆம் எலும்புகளோடு முடிந்துவிடுகிறதாம். அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்பு இழைகள் மட்டும் நீருக்குள் தொங்குகின்றனவாம். ஊசி போடுவது அங்கேதான். அடுத்த நாளே எழும்பி நடந்தேன்.

புதுக்குடியிருப்பு

மாங்குளம் தம்பி, அப்பாவை 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்கவையுங்கள். சரி, இரவில் கஷ்டம்தான். ஆனால் தோல் நோகாததால் படுக்கைப் புண் வருவது அவருக்கே தெரியாது. அண்ணா தலையணைக்குக் கீழே ஒரு கைக்கண்ணாடி வைத்திருக்கிறார். விடிந்ததும் குதியையும் இடுப்பின் பின்பக்கத்தையும் அதில் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார்.