டிப்பர் டிரெய்லர்: பாதி மண் ஏற்றினாலே தூக்கவில்லை, உதவி தேவை

கேள்வி:
சின்ன டிராக்டருக்காக நானே வெல்டிங் செய்த டிரெய்லர். பெட்டி 6 அடி நீளம், வெற்று எடை 200 கிலோ. 1 டன் மண் தூக்க வேண்டும் என்பது கணக்கு. கீல் பின்கோடியில். பெட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் 50 மி.மீ. விட்டம், பெட்டியின் நடுவில் பிடிக்கிறது. பெட்டி இறங்கியிருக்கும்போது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். கால்வாசி மண்ணை இழுத்துப்பிடித்துத் தூக்குகிறது. பாதி என்றால் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு) கத்துகிறதே தவிர பெட்டி அசையவில்லை. முன்பக்கம் ஜாக்கி வைத்து நாலைந்து அங்குலம் உயர்த்திவிட்டால் மீதியைத் தானே தூக்கிவிடுகிறது! பெரிய பம்ப் மாற்றலாமா?

பதில்:
வேண்டாம். பம்ப் பெரிதானால் வேகம்தான் கூடும், பலம் கூடாது. ரிலீஃப் வால்வையும் முறுக்காதீர்கள், ஹோஸ் வெடிக்கும்.

பதில்:
அந்த ஜாக்கி விஷயத்திலேயே விடை இருக்கிறது. சிலிண்டர் எந்தக் கோணத்தில் தள்ளுகிறது என்பதுதான் இங்கே பிரச்சினை. 150 பார் அழுத்தத்தில் உங்கள் சிலிண்டர் சுமார் 3000 கிலோ தள்ளும். ஆனால் 10 டிகிரியில் படுத்திருந்தால் மேல்நோக்கிக் கிடைப்பது 520 கிலோதான். மீதி பெட்டியை நீளவாக்கில் தள்ளி வீணாகிறது, கீலின் பின்னையும் (pin) தேய்க்கிறது. முழு லோடுக்குப் பெட்டியோடு சேர்த்து 1200 கிலோ வேண்டும். 30 டிகிரியில் தொடங்கினால் 1500 கிடைக்கும். அதனால் சிலிண்டரின் கீழ்முனைப் பின்னை (pin) சேஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) கீழே இறக்கி மாட்டுங்கள். தரை இடைவெளி போதவில்லையா, கத்தரிக்கோல் போல விரிந்து தூக்கும் கத்தரி அமைப்புக்குப் போய்விடுங்கள். பெட்டியில் பிடிக்கும் இடத்தில் குறுக்குச் சேனலை இரட்டிப்பாக்குவது அவசியம், இல்லையென்றால் வளைந்துவிடும். சக்கர அச்சு எங்கே இருக்கிறது?

கேட்டவர்:
நட்டநடுவில்.

பதில்:
அப்படியானால் அதையும் மாற்றுங்கள் அண்ணா. பெட்டி உயரும்போது மண் பின்னால் சாயும், டிராக்டரோடு இணைக்கும் கொக்கி மேலே இழுக்கும், டிராக்டரின் பின் டயர் பிடிப்பை இழக்கும். சின்ன டிராக்டரில் இது உண்மையிலேயே ஆபத்து. அச்சைச் சற்றுப் பின்னே தள்ளி, லோடோடு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழும்படி வையுங்கள். கீலை அச்சுக்குச் சற்றுப் பின்னாலேயே கொண்டுவந்தால் தூக்கவும் சுலபம். ஈரமண் வழுக்கி இறங்க 45 டிகிரியாவது சாய வேண்டும், சிலிண்டரின் ஸ்ட்ரோக்கை (தண்டு நீளும் தூரத்தை) அதற்கேற்ப வாங்குங்கள். அப்புறம், தூக்கிய பெட்டிக்கு ஒரு முட்டுக்கட்டை கீலோடு சேஸிலேயே வெல்டிங் செய்துவிடுங்கள். அதை நிறுத்தாமல் யாரும் கீழே கை நீட்டக் கூடாது.

கேட்டவர்:
சரி, முதலில் அச்சு, பிறகு சிலிண்டரின் கீழ்முனைப் பின். நன்றி நண்பர்களே.