மறு: கணுக்கால் மூட்டை 'இணைப்பதா', 'பிணைப்பதா'?

> 'சாவித்துவார மூட்டு இணைப்பு' என்றே வைத்துவிடலாம், பத்திரிகைகளிலும் சாவித்துவாரம் பழகிவிட்டது.

வணக்கம் ஐயா,

தேய்ந்த கணுக்கால் மூட்டை இனி அசையாதபடி ஒரே எலும்பாகக் கூடவைக்கும் சத்திரசிகிச்சையை (ஆர்த்ரோடெசிஸ்) சின்னக் கீறல் வழியாகச் செய்வதற்கு, நோயாளருக்குக் கொடுக்கும் விளக்கத் துண்டில் என்ன பெயர் போடுவது என்பதுதானே கேள்வி. நீங்கள் சொன்ன 'சாவித்துவாரம்', 'இணைப்பு' என்ற இரண்டு சொல்லுமே எனக்கு ஒத்துவரவில்லை. திருகோணமலையில் சாவி என்று நாங்கள் சொல்வதில்லை, திறப்புத்தான். சரி, 'திறப்புத்துளை' என்று மாற்றுவோம் என்றால் அது இன்னும் மோசம், ஏனென்றால் பக்கத்திலேயே, பெரிதாக வெட்டித் திறந்து செய்யும் 'திறந்த சத்திரசிகிச்சை' நிற்கிறது, கிளினிக் வாங்கில் இருந்துகொண்டு துண்டை வாசிக்கிறவருக்கு எது எதுவென்று பிடிபடாது. தமிழ்நாட்டு நண்பர்கள் 'நுண்துளை' என்கிறார்கள். அது தோலில் வியர்வை வரும் துளைக்குப் போய்விட்ட சொல். இங்கே போடுவது கணுக்காலின் முன்புறம் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சின்னக் கீறல்கள், ஒன்றுக்குள்ளால் கமராக் குழாய், மற்றதுக்குள்ளால் சுரண்டும் கருவி. 'சிறுதுளை' போதும்.

'இணைப்பு' என்பதில்தான் எனக்குப் பெரிய பயம். திருக்கடலூரில் என் பெரியப்பா, வள்ளத்தால் இறங்கும்போது முறிந்த கணுக்கால் வருடக்கணக்கில் தேய்ந்து, நடக்கவே முடியாமல் போனபோது, 'மூட்டு இணைப்பு, சின்ன ஓட்டைதான்' என்று சொல்லக் கேட்டுவிட்டு வந்து, விலகின மூட்டைத் திரும்பப் பூட்டப்போகிறார்கள், இரண்டு கிழமையில் கடலுக்குப் போகலாம் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூட்டு இனி மடங்கவே மடங்காது என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கியது. மணலில் கால் வைத்து வள்ளம் தள்ளுகிற மனிதருக்கு அது சின்ன விஷயமா? நோவு போனது உண்மை, ஆனால் முதலே விளங்கியிருக்க வேண்டும்.

நான் முதலில் 'ஒட்டு' என்றுதான் நினைத்தேன். ஒட்டு மாங்கன்று கட்டுகிற மாதிரியேதான் வேலை: மூட்டில் சந்திக்கும் இரண்டு எலும்பிலும் மிஞ்சியிருக்கும் கசியிழையத்தை, அதாவது தமிழ்நாட்டில் குருத்தெலும்பு என்பதை, இரத்தம் கசியும் எலும்பு தெரியும்வரை சுரண்டி, நெருக்கி வைத்து, பெரும்பாலும் இரண்டு மூன்று திருகாணி போட்டு இறுக்குகிறார்கள், பிறகு அது தானாகக் கூட வேண்டும். ஆனால் 'எலும்பு ஒட்டு' வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கும் எலும்புக்கு ஏற்கெனவே வழங்குகிறது, இதே சத்திரசிகிச்சையில் சிலருக்கு அதையும் வைப்பார்கள். குழம்பும். ஆகவே 'பிணைப்பு'. பிணைத்தால் அசையாது என்பது கேட்டவுடனே தெரிகிறது, ஆர்த்ரோடெசிஸ் என்பதன் கிரேக்க மூலத்திலும் டெசிஸ் என்றால் கட்டுதல்தான்.

அப்புறம், இரண்டு முறைக்கும் அடிச்சொல் ஒன்றாகவே இருக்கட்டும்: சிறுதுளைப் பிணைப்பு, திறந்த பிணைப்பு. உள்ளே நடப்பது ஒன்று, போகும் வழிதான் வேறு. சிறுதுளையில் காயம் சிறிது, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளும் பொதுவாகக் குறைவு, எலும்பு கூடும் வாய்ப்பும் திறந்ததை விடக் குறைந்ததில்லை. கால் நன்றாகக் கோணிப்போயிருந்தால் பல வைத்தியர்கள் திறந்துதான் செய்கிறார்கள், நிமிர்த்த இடம் வேண்டுமே. ஆனால் துளை சிறிதென்பதால் எலும்பு இரண்டு கிழமையில் கூடிவிடாது, எந்த வழியால் போனாலும் ஏறக்குறைய 3 மாதம் வேண்டும், சிகரெட், சுருட்டு பிடிப்பவருக்கு இன்னும் இழுக்கும், சிலவேளை கூடாமலே போகும்.

அந்தக் கூடாமல் போவதற்கும் சொல் வேண்டும். 'இணைவின்மை' என்று ஒருவர் எழுதியிருந்தார், எங்கள் வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. முறிவு வைத்தியர்கள் எலும்பு 'கூடிற்று', 'கூடவில்லை' என்றுதானே சொல்கிறார்கள். 'எலும்பு கூடாமை' என்று வைக்கலாமா? மட்டக்களப்புப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று அங்குள்ளவர்கள் எழுதுங்கள்.