ரெண்டாவது டியூப் மில்லா, ஸ்லிட்டிங் லைனா?

கேள்வி: கோவை பக்கம் சின்ன ஈஆர்டபிள்யூ மில் ஓட்டுறேங்க, இரும்புப் பட்டையை உருட்டி ஓரத்தை மின்சாரத்துல ஒட்டிப் பைப் பண்றது. சதுர, செவ்வகப் பைப், கேட், ஷெட் வேலைக்குப் போகுது. ஸ்லிட் பண்ணின ஸ்ட்ரிப், அதாவது அகலமான காயில்ல (தகட்டுச் சுருள்) இருந்து நீளவாக்குல வெட்டின பட்டை, வெளியில வாங்குறேன். ஆர்டர் கூடுது. இன்னொரு மில் போடலாமா, சொந்தமா ஸ்லிட்டிங் போடலாமா?

பதில்: தம்பி, இருபது வருசமா இதே தொழில். முதல்ல உங்க மில் எதனால நிக்குதுன்னு ஒரு மாசம் எழுதி வைங்க. சைஸ் மாத்த, பட்டையை வளைக்கிற ரோலை மாத்துறதுலதான் ஷிப்ட் போகுதுன்னா, ஆர்டரைச் சைஸ் வாரியா சேர்த்து ஓட்டுங்க. இன்னொரு மில் தேவையே இல்லாம போகலாம்.

ஸ்ட்ரிப் அகலம் கூடக் குறைய வந்தா வெல்டு இடம் நகரும், ஓரத்துல பிசிறு இருந்தா ஜாயின்ட் சரியா ஒட்டாது. சதுரமாக்குறதுக்கு முன்னாடி உருண்டையா இருக்கும்போதே ஒரு வளையம் வெட்டுங்க. ஜாயின்ட்டைப் பக்கவாட்டுல வெச்சு பிரஸ்ல நசுக்குங்க. வெல்டு செட்டிங் சரியா இருந்தும் ஜாயின்ட் பிளந்தா, உங்களுக்கு ஸ்லிட்டிங் தரம்தான் அவசரம். ஆனா ஸ்லிட்டிங்னா முழுக் காயிலா வாங்கணும், பணம் முடங்கும். விலை இறங்குனா கையிருப்பே நஷ்டம்.

மற்றொரு பதில்: எடையையும் பாருங்கண்ணா. மி.மீ.ல வெளி விட்டத்துல தகட்டோட கனத்தை (தடிமனை) கழிச்சு, கனத்தாலயும் 0.02466 ஆலயும் பெருக்குனா மீட்டருக்குக் கிலோ. 48.3 மி.மீ., 2.9 கனம்னா சுமார் 3.25 கிலோ. இது உருண்டைக்கு. கனம் குறைச்சு ஓட்டுறவங்களோட விலையில போட்டி போடாதீங்க. ஐஎஸ் 4923, அதாவது கட்டுமானத்துக்கான உள்ளீடற்ற இரும்புப் பைப்போட இந்தியத் தரத்துல நின்னா காண்ட்ராக்டர் திரும்ப வருவாங்க.

கேட்டவர்: நன்றிங்கண்ணா. நாளைக்கே வளையம் வெட்டிப் பாக்குறேன். ரோல் மாத்துற நேரத்தையும் ஃபோர்மேனை எழுதச் சொல்றேன்.