ஆஸ்திரேலியாவில் ஷியரிங் குழுவில் சேர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு

462 விசாவில் (வேலை செய்துகொண்டே ஊர் சுற்றும் இளைஞர் விசா) வந்திருக்கும் பலர் ஷியரிங் வேலைக்கு, அதாவது ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் எடுத்த எடுப்பிலேயே கத்தரிக்கும் மெஷினைப் பிடிக்க ஆசைப்படாதீர்கள், ஷெட் ஹேண்டாக, அதாவது கம்பளிக் கொட்டகையில் உதவி ஆளாகச் சேருங்கள். ஷியரருக்கு ஆட்டுக் கணக்கில்தான் காசு. கை பழகாதவருக்கு இடுப்பு வலிதான் மிஞ்சும். ஷெட் ஹேண்டுக்கு ரன் (இரண்டு மணி நேர வேலைச் சுற்று) கணக்கில் கூலி உண்டு, தொழிலையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கியூ காய்ச்சல் தடுப்பூசி. ஆடு மாடுகளிடமிருந்து தூசி வழியாகப் பரவும் நோய் இது. சிலரை மாதக்கணக்கில் முடக்கிப் போடும். நினைத்த அன்றே ஊசி போட மாட்டார்கள். முதலில் ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் செய்து, ஏழு நாள் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். அதன்பிறகும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். ஆடு மாடோடு வளர்ந்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஏற்கெனவே அந்தக் கிருமி உடம்பில் பட்டிருந்தால் இந்த ஊசி ஒத்துக்கொள்ளாது.

வேலை நேரம் ராணுவக் கட்டுப்பாடு மாதிரி. இரண்டு மணி நேர ரன்கள் நான்கு. பெரும்பாலும் காலை 7.30க்குத் தொடங்கி மாலை 5.30க்கு முடியும். நடுவில் ஸ்மோக்கோ என்னும் அரை மணி நேர டீ இடைவேளை இரண்டு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்.

ஷியரர் முதலில் வயிற்றுக் கம்பளியை எடுத்துப் போடுவார். அதை உடனே தனியாக ஒதுக்க வேண்டும். மற்றது ஒரே போர்வையாகக் கழன்று வரும். பின்னங்கால் பக்கத்து ஓரங்களைப் பிடித்து, மடித்து அள்ளி, மேசைமேல் வீசினால் முழுசாக விரிந்து விழ வேண்டும். இந்த வீச்சு கைவர நாளாகும். பழைய ஆட்களிடம் கேளுங்கள், ஆசையோடு சொல்லித் தருவார்கள். பிறகு ஓரத்தில் இருக்கும் அழுக்கையும் கறையையும் பிய்த்தெடுத்தால், கம்பளித் தரம் பார்க்கும் கிளாஸர் தரம் பிரிப்பார். அடுத்த ஆடு வருவதற்குள், கத்தரிக்கும் இடத்தின் பலகைத் தரையைப் பெருக்கி முடித்திருக்க வேண்டும். ஆட்டை இழுத்து வரும் ஷியரரின் வழியில் நிற்கவே கூடாது. தொளதொள சட்டை வேண்டாம். நீளமுடி இருந்தால் இறுகக் கட்டுங்கள்.

பிளாஸ்டிக் நார்ச் சாக்கில் துணிமணி வைத்து ஷெட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். அதன் ஒரு நூல் கம்பளியில் கலந்தாலும் மில்லில் போய்த் துணியைக் கெடுக்கும். விவசாயியின் ஒரு வருட வருமானம் அந்த பேல்களில்தான் (அமுக்கிக் கட்டிய கம்பளிப் பொதிகள்) இருக்கிறது.

சாப்பாடும் தங்குமிடமும் கூலியோடு சேர்த்தியா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல குழுக்களில் சமையல்காரர் இருப்பார், ஆட்டிறைச்சிதான் அதிகம். சைவம் என்றால் போவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஷெட் ஹேண்டிடம் ஏபிஎன் (சொந்தத் தொழில் செய்பவருக்கான பதிவு எண்) கேட்கும் கான்ட்ராக்டரிடம் நான் போக மாட்டேன், நீங்களும் போகாதீர்கள். சம்பளச் சீட்டு, சூப்பர் (முதலாளி கட்டும் ஓய்வூதியச் சேமிப்பு) இரண்டும் உங்கள் உரிமை. சந்தேகம் வந்தால் தொழிலாளர் உரிமையைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க்கை 13 13 94 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450க்கு அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இரண்டாவது வருட விசாவுக்கு இந்த வேலையைக் காட்டப் போகிறவர்கள், ஷெட் இருக்கும் இடத்தின் போஸ்ட்கோடு அந்த விசாவுக்கான அரசுப் பட்டியலில் உள்ளதா என்று சேருமுன் பாருங்கள். சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மாணவர் விசாக்காரர்களுக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் அனுமதி. இங்கே ஒரே வாரத்தில் 40 மணி நேரம் ஓடிவிடும். அதனால் விடுமுறையில் மட்டும் வாருங்கள்.

ஷியரராக ஆசை இருந்தால், ரன் முடிந்து மணி அடித்த பிறகு ஷியரரிடம் கேட்டுப் பாருங்கள். மனசுக்குப் பிடித்துவிட்டால் கடைசி ஆட்டில் கொஞ்சம் வெட்டவிட்டு, கூடவே நின்று கால் வைக்கும் முறையைத் திருத்துவார். கம்பளித் துறையின் ஏடபிள்யூஐ (Australian Wool Innovation) அமைப்பு நடத்தும் பயிற்சிகளைப் பற்றியும் கான்ட்ராக்டரிடம் விசாரியுங்கள்.