மின்வாசிப்பான் வழியாகச் சந்தா: குளங்களைப் பற்றிய பதிவுகளுக்குப் புதிய வாசகர்கள் கிடைப்பார்களா?

கேள்வி (ஒட்டுசுட்டான்)

வணக்கம். முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய வயல்கள், துருசு (மதகு) திறக்கும் நாட்கள், குளம் வான் பாய்ந்த (நிரம்பி வழிந்த) ஆண்டுகளைப் பற்றி முதியவர்கள் சொல்பவை ஆகியவற்றை ஆறு ஆண்டுகளாக வலைப்பூவில் எழுதி வருகிறேன். வாசிப்பவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த எம்மவர்கள். அவர்களிலும் என்னை முன்பே அறிந்தவர்களே அதிகம். கிண்டில், கோபோ போன்ற மின்வாசிப்பான்களில் மாதச் சந்தாவாகப் பதிவுகளைக் கொடுத்தால் புதியவர்கள் வருவார்களா?

மறுமொழி (வவுனியா)

ஐயா, நீங்கள் கேட்கும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. 2009 மே மாதத்தில் அமேசான், கிண்டிலில் வலைப்பூச் சந்தா விற்கும் வாய்ப்பை எல்லாப் பதிவர்களுக்கும் திறந்தது. விலையை நிறுவனமே தீர்மானித்தது, எழுதியவருக்கு 30 சதவீதம் கிடைத்தது. அச்சேவை இன்று இல்லை. 2023இல் கிண்டிலின் நாளிதழ், சஞ்சிகைச் சந்தாக்களும் நிறுத்தப்பட்டன.

சந்தாவை விட்டுவிட்டு, பதிவுகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து ஈபப் (EPUB, திரைக்கேற்ப எழுத்து ஒழுங்காகும் கோப்பு வடிவம்) மின்னூலாக்குங்கள் என்பதே என் கருத்து. சந்தா கட்டுபவர் உங்களை ஏற்கெனவே அறிந்தவர். உங்கள் பெயரையே கேள்விப்படாத ஒருவர், வேளாண்மை பற்றியோ ஈழத்து ஊர்களைப் பற்றியோ நூல் தேடும்போதுதான் உங்களைக் கண்டடைவார். 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், வலைப்பதிவர்களின் எழுத்தை, பிறரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச மின்னூல்களாக வெளியிடுகிறது. விற்க விரும்பினால் கிண்டில் நூல் வெளியீட்டுச் சேவை தமிழையும் ஏற்கிறது.

மறுமொழி (ரொறொன்ரோ)

அண்ணா, வாசகி என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். மாங்குளத்தில் பிறந்த என் அம்மாவுக்குக் கைத்தொலைபேசித் திரையைப் பத்து நிமிடம் பார்த்தாலே கண் கூசும். உங்கள் பதிவுகளைக் காலிபர் மென்பொருளால் வலைப்பூவின் செய்தியோடையிலிருந்து (RSS) எடுத்து, அவருடைய கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பி வருகிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, சிறுபோகப் பயிருக்குத் தண்ணீர் பங்கிட்ட கூட்டத்தைப் பற்றிய பதிவை யன்னலோரம் இருந்து இரண்டு முறை வாசித்தார். மாதம் ஒரு கோப்பை நீங்களே அனுப்பினால் இன்னும் பலருக்கு உதவும். வாசகர் தம் அமேசான் கணக்கின் அனுமதிப் பட்டியலில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு போய்ச் சேராது.

மறுமொழி (முள்ளியவளை)

பழைய பதிவுகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் ஆங்கில எழுத்துகளே தெரியும். யுனிகோடானாலும் சோதிக்காமல் அனுப்ப வேண்டாம். என்னிடமுள்ள பழைய கருவியில் 'வேளாண்மை' என்ற சொல்லைத் திறந்தபோது, இரட்டைக்கொம்பு வகரத்துக்குப் பின்னே போய் நின்றது. ஏ4 அளவுப் பிடிஎஃப் அனுப்புவதையும் தவிர்க்கலாம். ஆறு அங்குலத் திரையில் எழுத்து எள்ளளவாகச் சுருங்கிவிடும். இங்கே வன்னியில் மின்வாசிப்பான் வைத்திருப்பவர் அரிது என்பதால், அதே ஈபப் கைத்தொலைபேசியிலும் திறக்கும் என்பதை மறக்காமல் அறிவியுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. குளம் வான் பாய்ந்த ஆண்டுகள் பற்றிய பதினான்கு பதிவுகளை முதல் மின்னூலாகத் தொகுக்கிறேன். அவற்றில் ஐந்து பாமினியில் உள்ளன. தங்கச்சி, கோப்பு ஆயத்தமானதும் முதலில் உங்கள் அம்மாவின் கிண்டிலுக்கே அனுப்புகிறேன். கொம்புகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.