ஒரே புரோகிராம், வேறு கம்பைலர்: உங்களை எங்கே கவிழ்த்தது?

காரைக்குடிக்காரன்:
ஆத்தங்குடிக் கல் விற்கிற கடைக்கு பில் போடும் புரோகிராம், சி-யில் எழுதியது. என் லேப்டாப்பில் நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. கடை மேசையில் இடமில்லை என்று ராஸ்பெரி பை என்கிற கையளவு கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் இரண்டிலும் ஜிசிசிதான். முதல் பில்லில் பதினோரு வரி அடித்துவிட்டு நிற்க வேண்டிய பிரிண்டர் நிற்கவே இல்லை. வெறும் தாளாகத் தள்ளுகிறது. ரோல் மேசையிலிருந்து வழிந்து, பூப்போட்ட தரையில் ஓடி, வாசற்படி வரை போய்விட்டது. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை, தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஃபைல் படிக்கிற லூப்பில், ஒவ்வொரு எழுத்தாக எடுத்துத் தரும் கெட்சி ஃபங்ஷன் தருவதை கேரக்டர் வகை மாறியில், அதாவது ஒரே பைட்டில், வாங்கியிருந்தேன். லேப்டாப்பில் கேரக்டர் மைனஸ் எண்ணையும் ஏற்கும், ஃபைல் முடிந்தது என்று சொல்லும் ஈஓஎஃப், அதாவது -1, வந்ததும் லூப் நின்றது. ராஸ்பெரி பையில் இருப்பது ஆர்ம் சிப், அங்கே கேரக்டர் மைனஸ் ஏற்காத அன்சைன்டு வகை, அதே -1 போய் 255 ஆக உட்கார்ந்துகொண்டது. அப்புறம் எங்கே நிற்க?

கோட்டையூர் பழசு:
எனக்கு நேர் எதிர், புதுசிலிருந்து பழசுக்குப் போய் மாட்டினேன். காலேஜ் லினக்ஸில் எழுதிய வட்டிக் கணக்கை ஐயாவின் அடகுக்கடைப் பழைய டாஸ் மெஷினில், டர்போ சி என்கிற அந்தக் காலத்துக் கம்பைலரில் போட்டேன். 20000 ரூபாய், நூற்றுக்கு 2 வட்டி. மாதம் 400 வர வேண்டும். திரையில் -255.

ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏன்டாப்பா, நகையையும் வச்சுக்கிட்டு வட்டியும் நாமளே குடுக்கணுமா?"

டர்போவில் இன்ட் என்கிற முழு எண் வகை 16 பிட், 32767-க்கு மேல் போகாது. 20000-ஐ 2-ஆல் பெருக்கியதும் 40000, அது சுற்றிக்கொண்டு -25536. நூறால் வகுப்பதற்கு முன்பே காரியம் கெட்டுவிட்டது.

தேவகோட்டை சி:
காரைக்குடி அண்ணே, தப்பாக எடுத்துக்காதீங்க, இதில் கம்பைலர் மேல் குற்றமே இல்லை. கெட்சி தருவது இன்ட். அதை கேரக்டரில் அடைத்தது நீங்கள். என் அனுபவம் சின்னது: திரையில் அச்சிடும் ஒரே பிரிண்ட்எஃப் வரிக்குள், கூப்பிடக் கூப்பிட அடுத்த டோக்கன் எண் தரும் ஃபங்ஷனை இரண்டு தடவை கூப்பிட்டேன். ஜிசிசியில் 2 1, கிளாங் என்கிற இன்னொரு கம்பைலரில் 1 2. எதை முதலில் கூப்பிடுவது என்பதை சி கம்பைலரிடமே விட்டிருக்கிறது.

இனிமேல் எல்லோரும் இதைச் செய்யுங்கள். எண்ணின் அளவு முக்கியம் என்றால் வெறும் இன்ட் வேண்டாம், எஸ்டிடிஇன்ட் ஹெடரில் 32 பிட் என்று சொல்லியே வாங்குங்கள். லாங் என்கிற பெரிய எண் வகையை நம்பவே கூடாது: 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. எழுதியதை ஜிசிசி, கிளாங் இரண்டிலும் ஓட்டுங்கள். வார்னிங் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். கேரக்டரை அன்சைன்டாக மாற்றும் ஆப்ஷன் ஜிசிசியிலேயே இருக்கிறது, அதைப் போட்டிருந்தால் லேப்டாப்பிலேயே சிக்கியிருக்கும். ஆர்ம் சிப் என்றாலே அன்சைன்டு என்றும் முடிவு கட்டாதீர்கள், ஆப்பிளின் ஆர்மில் மைனஸும் ஏற்கும் சைன்டு.

கோட்டையூர் பழசு:
தம்பி, டர்போவில் எஸ்டிடிஇன்ட் எங்கே இருந்தது? நான் லாங் போட்டுத்தான் தப்பித்தேன்.

காரைக்குடிக்காரன்:
சரி தம்பி, அன்றைக்கே இன்ட் ஆக்கிவிட்டேன், நிற்கிறது. அந்த ரோலை முதலாளி திரும்பச் சுற்றி வைத்து, பின்பக்கத்தில் பேனாவால் லோடு கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.