வால்நட்சத்திரம் போனில் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த முறைக்கு என்ன செய்யலாம்?

குற்றாலச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் இருக்கிறேன். 2024 அக்டோபரில் வந்த சுச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன், அதுதான் சி/2023 ஏ3. செய்தியில் எல்லாம் "வெறும் கண்ணுக்கே தெரியும், பொலிவெண் (பிரகாசத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய வெளிச்சம் கூடுதல்) 1-ஐ ஒட்டி இருக்கும்" என்று வந்தது. 12, 13 தேதிகளில் மொட்டைமாடியில் நின்றும் ஒன்றும் அகப்படவில்லை, எங்களுக்கு மேற்கே முழுக்க மலை. அப்புறம் மழை. மேகம் விலகிய ஒரு மாலை, பௌர்ணமிக்கு முதல் நாள், வெள்ளி கிரகத்துக்கு வலப்பக்கம் மேலே போனைத் திருப்பி எடுத்தால் படத்தில் வாலோடு அழகாக இருக்கிறது, போனை இறக்கிவிட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் ஏதோ லேசாக வெளுத்த மாதிரி, அவ்வளவுதான். எட்டாவது படிக்கும் மகளுக்கு அதுகூடத் தெரியவில்லை, பாவம் ரொம்ப ஆசையாக இருந்தாள்.

பொலிவெண் 1 என்றால் ரோகிணி, சித்திரை மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டாமா? 12,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று வைத்திருக்கிறேன், ஒரு டெலஸ்கோப் வாங்கிவிட்டால் அடுத்த முறை தெரியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்வானம்:

டெலஸ்கோப் வாங்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வருகிறது.

பொலிவெண் விஷயம். வால்நட்சத்திரத்துக்குச் சொல்லும் எண் அதன் தலையிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தையும் ஒரே புள்ளியில் திரட்டினால் எவ்வளவு என்ற கணக்கு. சித்திரை நட்சத்திரத்துக்கு அது உண்மையிலேயே புள்ளி. வால்நட்சத்திரத்துக்கோ அதே வெளிச்சம் பரந்து கிடக்கிறது. ஒரு சிட்டிகை மஞ்சளை டம்ளர் தண்ணீரில் கரைப்பதற்கும் அண்டாவில் கரைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதனால் பொலிவெண் 3 உள்ள வால்நட்சத்திரம் பொலிவெண் 3 உள்ள நட்சத்திரத்தைவிட எப்போதும் மங்கலாகத்தான் தெரியும், நகரத்தில் தெரியவே தெரியாது. ஒரு எண் கூடினால் வெளிச்சம் சுமார் இரண்டரை மடங்கு குறைகிறது, ஐந்து எண் கூடினால் நூறு மடங்கு. செய்திகளில் இந்தப் "பரந்து கிடக்கிறது" என்ற பாதியை யாரும் சொல்வதில்லை, ஜனங்கள் மாடியில் நின்று ஏமாந்து போகிறார்கள், எனக்கு அதில்தான் ரொம்ப வருத்தம்.

அடுத்தது அடிவானம். பிரகாசமான வால்நட்சத்திரம் பெரும்பாலும் சூரியனுக்குக் கிட்டே போகும்போதுதான் பிரகாசமாகிறது, அதனாலேயே அந்தச் சமயம் நம் வானத்திலும் சூரியனை ஒட்டியே நிற்கும். விடியலுக்கு முன் கிழக்கில், அல்லது அஸ்தமனத்துக்குப் பின் மேற்கில், எப்படியும் தாழ்வாக. 5 டிகிரி உயரத்தில் பார்க்கிறீர்கள் என்றால் தலைக்கு மேலே இருப்பதைப்போல் சுமார் 10 மடங்கு காற்றைத் துளைத்துப் பார்க்கிறீர்கள், கடல்மட்டத்தில் அதிலேயே பொலிவெண் 2-க்கு மேல் போய்விடும், அதாவது வருகிற வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குகூடக் கண்ணுக்கு வந்து சேராது. ஈரப்பதமும் புகையும் இருந்தால் இன்னும் மோசம்.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். 12, 13 தேதிகளில் உங்களுக்குத் தடை மலைதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமாராக 10 டிகிரி. நாளை மாலை மாடிக்குப் போய் மலை முகடு முஷ்டியில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் பல இடங்களில் ஒரு முஷ்டிக்குக் கிட்டத்தட்ட வரும். அந்த இரண்டு நாளும் இருட்டத் தொடங்கும் நேரத்தில் வால்நட்சத்திரமே அந்த உயரத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு நாளுக்கு 3 டிகிரிக்கு மேல் சூரியனை விட்டு விலகி ஏறிக்கொண்டே போனது, அதனால் 16 அன்று மலை தடை இல்லை. அன்றைக்குத் தடை நிலா. 17 பௌர்ணமி, 16 மாலை சூரியன் இறங்கும் முன்பே நிலா கிழக்கில் ஏறிவிட்டது, வானம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி ஆகிவிட்டது, வால் அதில் கரைந்து போகும்.

சரியான நேரம் என்று கேட்டால் 20, 21 வாக்கில் நிலா எழுவதற்கு முன் கிடைத்த இருட்டு. வெளிச்சம் அப்போது பொலிவெண் 3 பக்கம் இறங்கிவிட்டது, ஆனாலும் நன்றாக உயரத்தில் இருந்தது. விளாத்திகுளம் தாண்டிக் கரிசல் காட்டில், விளக்கு ஒன்றும் இல்லாத ஒரு கண்மாய்க்கரையில் நின்று பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் தலை மட்டும் மங்கலான பஞ்சு மாதிரி. கண் இருட்டுக்குப் பழகப் பழக வால் நீண்டுகொண்டே போனது, நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைத்தால் இன்னும் நீளமாக. கண்ணின் ஓரப்பகுதிக்குத்தான் மங்கலான வெளிச்சம் நன்றாகப் பிடிபடும். இருபது முப்பது நிமிடம் போன் திரையைப் பார்க்காமல் இருக்க வேண்டும், அது ரொம்ப முக்கியம். படம் எடுத்துவிட்டு உடனே நிமிர்ந்து வானத்தைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது, உங்களுக்கு அன்று நிலா பாதி, போன் வெளிச்சம் பாதி.

இருகுழல்:

கரிசல்வானம் சொல்ல வந்து விட்டதை நான் சொல்கிறேன். 12,000 ரூபாய்க்குக் கிடைக்கிற டெலஸ்கோப்பில் ஒரே பார்வையில் தெரியும் வானம் ஒன்றிரண்டு டிகிரிதான், ஸ்டாண்டும் ஆடும். இந்த வால்நட்சத்திரத்துக்கு வால் மட்டும் பத்து டிகிரிக்கு மேல். அதில் வைத்துப் பார்த்தால் தலையின் ஒரு துண்டு தெரியும், வேறொன்றும் தெரியாது. அந்தக் காசுக்குள் நல்ல 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெருக்கும், முன் கண்ணாடி 50 மி.மீ. அகலம்) கிடைக்கும், அதில் 6 டிகிரிக்கு மேல் வானம் விரிகிறது. கை நடுங்கும் என்றால் 7×50 வாங்குங்கள், வெளிச்சமும் தாராளம், பிள்ளைகளுக்கும் சுலபம். தலைக்கு நடுவே கெட்டியாக ஒரு பொட்டு, அதைச் சுற்றிப் புகை, ஒரு பக்கம் கூர்மையாகவும் மறு பக்கம் கலைந்தும் இருக்கும் வால், இதெல்லாம் பைனாகுலரில் முதல் பார்வையிலேயே பிடிபடும். "ஜூம்" என்று போட்டு 20-லிருந்து 100 வரை பெருக்கும் என்று விற்பதைத் தொடாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சூரியன் முழுக்க இறங்கிய பிறகுதான் பைனாகுலரைக் கண்ணில் வைக்க வேண்டும், காலையில் என்றால் உதயத்துக்கு நல்ல முன்னாடியே கீழே இறக்கிவிட வேண்டும். வால்நட்சத்திரம் சூரியனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தேடுகிற அவசரத்தில் குழந்தைகள் சூரியன் மேல் திருப்பிவிடுவார்கள், ஒரு நொடி போதும் கண் போக.

கல்லடிக்கரை:

மட்டக்களப்பில் இருந்து. நாங்கள் இதை மாலையில் இல்லை, அதற்கு முந்தி அக்டோபர் தொடக்கத்தில் விடியப்புறம் கல்லடிக் கடற்கரையில் பார்த்தோம். ஐந்து மணி அளவில் கடலுக்குச் சற்று மேலே வால்தான் முதலில் வந்தது, தலை அதற்குப் பிறகு. சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத்தானே வால் நீளும், அதனால் விடியலில் வால் முன்னே ஏறும். கிழக்கே கடல் இருக்கிற ஆட்களுக்கு அது பெரிய வசதி, தூத்துக்குடி, இராமேசுவரம் எல்லாம் உங்களுக்கு அப்படித்தானே. அடுத்த முறை மாலை மட்டும் என்று இருக்காமல் காலைப் பக்கத்தையும் பாருங்கள். செப்டம்பர் 27 சூரியனுக்கு ஆகக் கிட்டப் போனது, அதை ஒட்டிய ஒரு வாரம் காலையில் நல்ல வாய்ப்பு, அப்புறம் சூரியனுக்கு முன்னால் கடந்து மாலைக்கு மாறியது.

குற்றாலச்சாரல்:

இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை, மிக்க நன்றி. முஷ்டி வைத்து அளந்தேன், மலை முக்கால் முஷ்டிக்கு மேல் வருகிறது! சரி, பைனாகுலர்தான். இன்னும் இரண்டு சந்தேகம். போனில் தலை பச்சையாகத் தெரிகிறதே, அது உண்மையான நிறமா, போன் போட்டதா? அப்புறம், அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? மகள் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும் என்கிறாள்.

நைட்மோடு:

பச்சை பல வால்நட்சத்திரங்களில் நிஜம்தான். இரண்டு கார்பன் அணு சேர்ந்த மூலக்கூறு சூரிய வெளிச்சம் பட்டுப் பச்சையாக ஒளிர்கிறது, அது தலைப்பகுதியிலேயே சிதைந்துபோவதால் வாலுக்குப் பச்சை வராது. தூசி வால் சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் மஞ்சள் கலந்த வெள்ளை, வளைந்து இருக்கும். மின்னேற்றம் பெற்ற வாயுவாலான அயனி வால் நீலம், நேராகச் சூரியனுக்கு எதிரே. ஆனால் இத்தனை மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்க வராது, எல்லாம் சாம்பல் வெள்ளைதான். போன் சில நொடி வெளிச்சத்தைச் சேர்த்து வைத்து அடுக்குகிறது, நம் கண் அப்படிச் சேர்ப்பதில்லை. அதனால் போனை எதிரியாகப் பார்க்க வேண்டாம், இடம் கண்டுபிடிக்க அதைப்போல் உதவி இல்லை: சுவரில் சாய்த்து, நைட் மோடில், டைமர் வைத்து, திரை வெளிச்சத்தை முழுக்கக் குறைத்து ஒரு படம். படத்தில் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தைக் குறித்துக்கொண்டு பைனாகுலரை அங்கே கொண்டு போங்கள். அப்புறம் போன் பையில்.

மூத்தவானம்:

சென்னையில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். கேள்வி கேட்ட தம்பியின் மகளுக்காக எழுதுகிறேன்.

அடுத்தது எப்போது என்பதற்கு நேர்மையான பதில், பெரும்பாலும் தெரியாது என்பதுதான். ஹேலி மாதிரி திரும்பி வருவதற்குத் தேதி சொல்லலாம், 2061 ஜூலையில் சூரியனை நெருங்கும், உங்கள் மகள் கட்டாயம் பார்ப்பாள். ஆனால் மனதை அள்ளுகிற பெரிய வால்நட்சத்திரங்கள் பெரும்பாலும் சூரியக் குடும்பத்தின் தொலைதூர விளிம்பிலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் வருபவை. 1996-இல் ஜப்பானின் யுஜி ஹியாகுடாகே ஜனவரி 30 அன்று பெரிய பைனாகுலரில் ஒன்றைக் கண்டுபிடித்தார், மார்ச் 25-இல் அது பூமிக்கு மிக அருகில் வந்துவிட்டது, இரண்டு மாதம்கூட இல்லை. அந்த மார்ச்சில் ஸ்வாதி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நல்ல உயரத்தில் நின்றதை மாணவர்களோடு கிராமத்துப் பள்ளித் திடலில் பார்த்தேன், வால் வானத்தில் எங்கே முடிகிறது என்று பிள்ளைகளுக்குள் வாக்குவாதமே நடந்தது. மறுவருடம் வந்த ஹேல்-பாப் அதற்கு நேர்மாறு, 1995 ஜூலையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், 1997 ஏப்ரல் 1 அன்றுதான் சூரியனை நெருங்கியது, வெறும் கண்ணுக்கே ஒன்றரை வருடம் தெரிந்தது. என் அம்மா 1965 அக்டோபர் கடைசியில் விடியற்காலை கிழக்கில் நீளமாக எழுந்து நின்ற இகேயா-செகியைப் பற்றிக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், கேடு வரும் என்று ஊரே பயந்ததாம், அவருக்கு மட்டும் பயமே இல்லை.

முன்பே சொன்னாலும் நடக்காமல் போகும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். 2013-இல் ஐசான் பற்றி என்னென்னவோ எழுதினார்கள், நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றும்போது சிதைந்துபோனது. 2024 தீபாவளிக்குத் தெரியும் என்று சொன்ன, அட்லஸ் என்றே பெயருள்ள இன்னொரு வால்நட்சத்திரம், சி/2024 எஸ்1, அக்டோபர் 28 அன்றே உடைந்து ஆவியாகிவிட்டது. பனியும் தூசியும் தளர்வாகச் சேர்ந்த உருண்டை, வெயில் பட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்று அளந்து சொல்ல முடியாது. 2025 ஜனவரி 13 அன்று சி/2024 ஜி3 என்ற வால்நட்சத்திரம் சூரியனுக்கு மிக மிக அருகே போனது, அதுவும் தென்கோளத்தில் இருப்பவர்களுக்குத்தான் நல்ல காட்சி, நமக்குச் சூரியனை ஒட்டியே இருந்தது.

நம் ஊருக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. 1872 நவம்பர் கடைசியில் பீலா வால்நட்சத்திரத்தின் துகள்களால் பெரிய எரிகல் பொழிவு ஏற்பட்டபோது, ஐரோப்பாவிலிருந்து ஜெர்மன் வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் சென்னை வானாய்வகத்துக்குத் தந்தி அடித்து, பீலா போன திசையில் தேடச் சொன்னார். மேகத்தோடு மல்லுக்கட்டி டிசம்பர் 2, 3 தேதிகளில் சென்னை வானாய்வகத்தின் போக்சன் அந்தத் திசையில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டார். சென்னையில் பிறந்த வானியலாளர் வைனு பாப்பு 1949-இல் ஹார்வர்டில் படிக்கும்போது ஒன்றைக் கண்டுபிடித்தார், அதற்குப் பாப்பு-பாக்-நியூகர்க் என்று பெயர். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பிள்ளையை ஒரு முறை அங்கே கூட்டிப் போங்கள்.

கரிசல்வானம்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வால்நட்சத்திரம் வரும்வரை பைனாகுலரை அலமாரியில் வைக்காதீர்கள். நவம்பரில் இரவு 9 மணி வாக்கில் வடக்கே நல்ல உயரத்தில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி இருக்கிறது, பொலிவெண் 3.4, அதுவும் பரந்து கிடக்கிற வெளிச்சம். ஸ்டெல்லேரியம் செயலியில் இடம் பார்த்துக்கொண்டு உங்கள் மாடியிலிருந்து அது வெறும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். அது தெரிகிற இடத்திலும் தெரிகிற ராத்திரியிலும் பொலிவெண் 3 வால்நட்சத்திரமும் தெரியும். தெரியவில்லை என்றால் கிழக்கே ஒரு மணி நேரம் வண்டியில் வாருங்கள், மலையும் தாழ்ந்துவிடும், விளக்கும் குறையும்.

குற்றாலச்சாரல்:

மாடியிலிருந்து தெரியவில்லை, பக்கத்து மில் விளக்கு. சனிக்கிழமை சங்கரன்கோவில் தாண்டி ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். 10×50 சொல்லியாகிவிட்டது, மகளால் அதை ரொம்ப நேரம் பிடிக்க முடியாது என்று நினைக்கிறேன், வீட்டில் இருக்கிற கேமரா ஸ்டாண்டில் மாட்ட வழி உண்டா?

இருகுழல்:

உண்டு. பைனாகுலரின் நடுத்தண்டில் முன்பக்கம் ஒரு சின்ன வட்ட மூடி இருக்கும், திருகினால் கழன்று வரும், உள்ளே மரை தெரியும். கடையில் "பைனாகுலருக்கு எல் அடாப்டர்" என்று கேளுங்கள், அந்த மரையில் ஒரு முனை, கேமரா ஸ்டாண்டில் மறுமுனை. சில மாடல்களில் அந்த மரை இருக்காது, பெட்டியைப் பிரித்ததும் முதலில் அதைப் பாருங்கள், இல்லையென்றால் மாற்றிக் கேளுங்கள்.